காப்பிக்கொட்டையைப் பற்றி ஒரு பத்தி

இதோ இன்னொருவன் எழுந்துவிட்டான். அவன் திரையில் பச்சை டிக் விழுந்திருக்கிறது, அறுபத்தேழு. ஹெட்செட்டைக் கழற்றி வைத்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலுக்குப் போகிற வழியில் என் முன்னால் நின்று குனிந்து "ஒட்ஸுகரே-சமா தெஷ்தா" என்கிறான். களைத்துப் போயிருப்பீர்கள் என்று அர்த்தம். ஜப்பானில் வேலை முடிந்து பிரிகிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற வார்த்தை இது. வந்த புதிதில் எனக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது. போயிட்டு வாரேன் என்று சொல்லிப் பிரிகிற ஊரிலிருந்து வந்தவளிடம், நீ வாடிப்போயிருக்கிறாய் என்று முகத்துக்கு நேரே சொல்வது என்ன மரியாதை என்று நினைத்தேன். இப்போதெல்லாம் யாராவது அதைச் சொன்னால், ஆமாம் தம்பி, நிஜமாகவே, என்று சொல்ல வாய் வருகிறது. கால் வலிக்கிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது என்பதால்தான் நின்றுகொண்டிருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற வகுப்பு, மூன்றாவது மாடிக் கணினி அறை, ஹீட்டர் சூட்டில் காற்று காய்ந்து போய்க் கிடக்கிறது, எச்சில் விழுங்கினால் தொண்டையில் உரசுகிறது. வரிசை வரிசையாக முதுகுகள். ஒவ்வொரு முதுகும் தன் திரையைப் பார்த்து ஆங்கிலம் முணுமுணுக்கிறது. எல்லாருக்கும் ஒரே பத்திதான். காப்பிக்கொட்டையைக் கெடாமல் வைத்திருப்பது எப்படி. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, குளிர்ச்சியான அலமாரியில், அடுப்பிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் தள்ளி வைக்க வேண்டுமாம். ஒருவன் டப்பாவில் இருக்கிறான், ஒருத்தி அடுப்பிடம் வந்துவிட்டாள், கடைசி வரிசைப் பையன் இன்னும் தலைப்பையே தாண்டவில்லை. யார் எழுதியிருப்பார்கள் இந்தப் பத்தியை. எழுதியவருக்குத் தெரியுமா, இப்படி ஜப்பானில் செத்தோ என்கிற உள்கடலின் ஓரத்து ஊர் ஒன்றில், ஜனவரி மதியத்தில், ஒரு கூட்டமே அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும் என்று.

நான் இந்தக் கல்லூரியில் ஆங்கில ஆசிரியை. அப்படித்தான் ஒப்பந்தத்தில் போட்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு ஹெபுஷிபா சென்செ, சென்செ என்றால் ஆசிரியர். ஹெப்சிபா என்று இவர்களுக்கு வராது, நானும் திருத்துவதை விட்டுவிட்டேன், பாளையங்கோட்டையில் ஞானஸ்நானம் கொடுத்து வைத்த பெயர் இங்கே வந்து ஒரு காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. போன வருஷம் வரைக்கும் நான் பேசினேன். வீட்டில் உட்கார்ந்து இணையத்தில் தேடித்தேடிச் சேர்த்து வைத்திருந்தேன், விமான நிலைய அறிவிப்புகள், மெதுவாக வாசிக்கிற வானொலிச் செய்தி, ஸ்காட்லாந்தில் ஒரு அம்மா ஓட்ஸ் ரொட்டி சுடுகிற வீடியோ, யாரோ ஒரு லாரி டிரைவர் தினமும் பேசிப் பதிவு போடுகிறது. அதைக் கேட்கச் சொல்வேன், பிறகு ஒருவருக்கொருவர் சொல்லச் சொல்வேன், தப்புத்தப்பாகச் சொல்வார்கள், சிரிப்பார்கள், அந்த ஸ்காட்லாந்து அம்மா ரொட்டியைக் கருக விட்டபோது ஒருவன் எழுந்து நின்று "ஓ மை காட்" என்றான், அந்த வருஷம் முழுக்க அவன் பேசிய ஒரே ஆங்கிலம். போன ஏப்ரலில் இந்தக் கணினிப் பாக்கேஜ் வந்தது. எல்லாம் அதிலேயே இருக்கிறது, கேட்பது, வாசிப்பது, பேசுவது. பேசினால் அதுவே கேட்டு மார்க் போடும். எல்லா வகுப்புக்கும் ஒரே அளவுகோல் வேண்டும், ஒரு ஆசிரியர் அள்ளிக் கொடுக்கிறார், ஒருவர் கிள்ளிக் கொடுக்கிறார், அது பிள்ளைகளுக்கு அநியாயம் என்றார் மியோஷி சென்செ. ஆங்கிலப் பிரிவை நடத்துகிறவர் அவர், என்னைப் போன்ற பகுதிநேர ஆட்களுக்கு அடுத்த வருஷம் உண்டா இல்லையா என்று சொல்கிறவரும் அவர்தான். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயமான ஒன்றுக்கு எதிராக என்ன சொல்ல முடியும். அன்றிலிருந்து நான் நிற்கிறேன், நடக்கிறேன், ஹெட்செட் வயர் சிக்கினால் எடுத்துவிடுகிறேன். காவலுக்கு நிற்கிறவர் போல. இவர்கள் எல்லாரும் ஆங்கிலத்தில் ஒரு தடவை தோற்றுப் போய் மறுபடி படிக்கிறவர்கள், பாதிப் பேர் நாலாம் வருஷம், மார்ச்சில் பட்டம் வாங்கவேண்டும், ஏப்ரலில் வேலையில் சேரவேண்டும், இன்று கடைசி வகுப்பு. பத்தியை வாசித்து அறுபது வாங்கினால் வீட்டுக்குப் போகலாம். மணி அடிக்கிற வரைக்கும் எத்தனை தடவை வேண்டுமானாலும் வாசிக்கலாம். மணி அடித்தால் பாக்கேஜ் பூட்டிக்கொள்ளும்.

இன்னும் இரண்டு பேர் போகிறார்கள். களைத்துப் போயிருப்பீர்கள், களைத்துப் போயிருப்பீர்கள். முணுமுணுப்பு மெலிகிறது. காலையில் அடுக்களையில் நின்றுகொண்டு ஒரு வார்த்தைக்காக நான் தவித்ததை நினைக்கக் கூடாது என்று இருந்தேன், நினைப்பு வந்துவிட்டது. மாவு சலிக்கிறது, கையில் இருக்கிறது, வட்டமாக, கண்ணி கண்ணியாக, அதன் பேர் வரவில்லை. ஜப்பானியப் பேர் வந்தது, ஆங்கிலப் பேர் வந்தது, தமிழ் வரவில்லை. வீட்டுக்காரர் சாம்ராஜைக் கூப்பிட்டு, "இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டேன். அவர் பேப்பரிலிருந்து நிமிர்ந்து பார்த்து, "சல்லடை. ஏன், என்னாச்சு உனக்கு?" என்றார். ஒன்றும் ஆகவில்லை என்றேன். ஐம்பத்தொரு வயசு, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பேருந்தில் வருகிற வழியெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன், அகப்பை இருக்கிறது, உலக்கை இருக்கிறது, முறம், சுளகு, இடுக்கி இருக்கிறது. இன்றைக்கு இருக்கிறது. ஒரு நாள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கை விட்டுப் பார்க்கும்போது மூன்று மொழியிலும் ஒன்றுமே அகப்படாமல் போனால். வாய்தான் என் பிழைப்பு. வாய் போனால், சரி, அது இப்போது எதற்கு. ஜன்னல் பக்கம் பார். ஜன்னல் பக்கம் கமியா இருக்கிறாள்.

அவளை நான் ஆரம்பத்திலிருந்தே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், பார்க்காதது போலப் பார்க்கிறேன். நீலக் கம்பளிச் சட்டை, கழுத்தோடு வெட்டிய முடி, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். பதிவுப் பொத்தானை அழுத்துகிறாள். சிவப்புப் புள்ளி எரிகிறது. முதல் வார்த்தை காஃபி. அவள் வாய் அந்த வார்த்தைக்கான இடத்துக்குப் போய் நிற்கிறது, தொண்டைக்கு உள்ளே எதுவோ கதவைச் சாத்திக்கொள்கிறது, கழுத்து நரம்பு எழும்புகிறது, கண் இமை துடிக்கிறது, சத்தம் இல்லை. மூன்று விநாடி மௌனத்தைத்தான் அந்தப் பாக்கேஜ் தாங்கும். பிறகு ஒரு பெண் குரல் ரொம்ப இனிமையாக, உங்கள் குரல் கேட்கவில்லை, மறுபடி முயலுங்கள் என்கிறது. அவள் மறுபடி அழுத்துகிறாள். காஃபி. கதவு. உங்கள் குரல் கேட்கவில்லை. எங்கள் ஊரில் இதற்கு ஒரு வார்த்தை இருக்கிறது, திக்குவாய், அந்த வார்த்தையே எனக்கு ஆகாது, ஆளைத் தூக்கிப் போட்டுவிட்டு வாயை மட்டும் எடுத்து வைத்துக்கொள்கிற வார்த்தை. அக்டோபர் முழுக்க இவள் வெட்கப்படுகிற பிள்ளை என்றுதான் நினைத்தேன். வகுப்புக்கு இரண்டு பேராவது அப்படி இருப்பார்கள், கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள், நானும் விட்டுவிடுவேன். நவம்பரில் ஒரு நாள் வராந்தாவில் என்னை நிறுத்தி எதையோ கேட்க வந்தாள், ஜப்பானிய மொழியில், அவளுடைய சொந்த மொழியில். அப்போதுதான் பார்த்தேன். எனக்குப் புரிய நேரமாயிற்று. நான் என் உடைந்த ஜப்பானியத்தில், "டாக்டரிடம் ஒரு சான்று வாங்கிக் கொடுத்தால் பேச்சுத் தேர்விலிருந்து விலக்குத் தருவார்கள், நான் விசாரிக்கிறேன்" என்றேன். அவள் வேகமாகத் தலையை ஆட்டினாள். "வே... வேண்டாம். யாருக்கும் தெரியாது. இங்கே யாருக்கும்." பிறகு நீண்ட நேரம் எடுத்துக்கொண்டு சொன்னாள், சோயா சாஸ் ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது, தரம் பார்க்கிற பரிசோதனைக் கூடத்தில், அங்கே டெலிபோன் எடுக்க வேண்டியதில்லை, ஏப்ரலில் சேரவேண்டும், நேர்முகத்தில் தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி எழுதிக் காட்டித் தப்பித்தாள். பட்டம் வாங்காவிட்டால் அந்த வேலை இல்லை. நாலு வருஷம் இந்தக் கட்டடத்தில் இருந்திருக்கிறாள், யாருக்கும் தெரியாமல், பேசாமலே இருந்து மறைத்திருக்கிறாள். எவ்வளவு களைப்பான வேலை அது. நான் நின்றே களைத்துப் போகிறேன்.

எங்க அப்பாவுக்கும் இருந்தது. மின்வாரிய ஆபீஸில் கிளார்க், கோயில்பிள்ளை என்று பேர். கடைத்தெருவில் அவர் ஒரு ரூபாய்க்குப் பொட்டுக்கடலை கேட்கிறதற்குள் கடைக்காரர் மூன்று பேருக்குச் சாமான் கட்டிக் கொடுத்துவிடுவார். அம்மா, "நீங்க இரிங்க, நான் கேக்கேன்" என்று முன்னால் போவாள். வீட்டில் அவர் பேசுவது கம்மி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில், எல்லாரும் எழுந்து நின்று பொது ஜெபத்தைச் சேர்ந்து சொல்லும்போது, என் தலைக்கு மேலே அவர் குரல் போகும், தடங்கல் இல்லாமல், கனமாக, நல்ல வாய்க்கால் தண்ணீர் மாதிரி. வேதத்தில் சங்கீதம் வாசித்தாலும் அப்படித்தான். ஐந்நூறு பேர் சேர்ந்து வாசிப்பார்கள், அதில் அப்பா ஒருத்தர். எனக்கு அது அதிசயமாகத் தோன்றினதே இல்லை. கோயிலில் அப்பாவுக்குப் பேச வரும், அவ்வளவுதான், சாமி கொடுக்கிறார் என்று இருந்தேன். ஆராதனை முடிந்து வெளியே செருப்பு மாட்டுகிற இடத்தில் மறுபடியும் பழைய அப்பா. ஏன் அப்படி என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. இப்போது இந்தப் பிள்ளையின் கழுத்து நரம்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறபோதுதான் யோசிக்கிறேன். கூட்டத்தோடு சேர்ந்தால் வருகிறது. தனியாகக் கேட்டால் வரவில்லை. அப்போது சாமி இல்லையா அது. பக்கத்தில் இன்னொரு குரல் இருந்ததுதானா.

கடைசி வரிசைப் பையனும் போய்விட்டான், அறுபத்தொன்று, கை இரண்டையும் தூக்கிக்கொண்டு போனான், எனக்குக் குனிய மறந்துவிட்டான். இப்போது அறையில் அவளும் நானும்தான். ஹீட்டர் ஊதுகிறது. வெளியே படகுத் துறை தெரிகிறது, கடல் ஈயம் பூசினது போல இருக்கிறது, ஒரு காகம் விளக்குக் கம்பத்தில் உட்கார்ந்து கத்துகிறது, அதற்குக்கூட ஒரே தடவையில் வருகிறது. உங்கள் குரல் கேட்கவில்லை. நான் அவளிடம் போய், "மைக்கில் ஏதாவது கோளாறாக இருக்கும், நான் பார்க்கிறேன்" என்கிறேன். மைக்கில் ஒரு கோளாறும் இல்லை என்று எனக்கும் தெரியும் அவளுக்கும் தெரியும். அவள் எழுந்து இடம் விடுகிறாள். நான் ஹெட்செட்டை மாட்டிக்கொள்கிறேன், அவள் காதுச் சூடு இன்னும் அதில் இருக்கிறது. பொத்தானை அழுத்தி அந்தப் பத்தியை வாசிக்கிறேன். நிதானமாக, அழகாக, பாளையங்கோட்டை கான்வென்ட்டில் சிஸ்டர்மார் மெச்சின குரலில், இருபது வருஷம் பாடம் நடத்தின குரலில். வாசிக்கும்போதே மனசுக்குள் ஒரு கள்ள எண்ணம் ஊறுகிறது. இது அவளுடைய கணக்கு. இதில் விழுகிற மார்க் அவளுடைய மார்க். பச்சை டிக் விழுந்தால் விழுந்ததுதானே, யார் பார்க்கப் போகிறார்கள், நான் எதையும் அழிக்கத் தேவையில்லை, பேசாமல் எழுந்து போய்விடலாம், பேருந்தைப் பிடித்துவிடலாம். காப்பி அலமாரிக்குள் போய்விட்டது. வாசித்து முடித்தேன். சின்னச் சக்கரம் சுற்றுகிறது. ஐம்பத்தெட்டு.

ஐம்பத்தெட்டு. திரையில் பத்தி முழுக்கச் சிவப்பும் கறுப்புமாக இருக்கிறது, தப்பாகச் சொன்ன வார்த்தை எல்லாம் சிவப்பு. வாட்டர் சிவப்பு. ஓவன் சிவப்பு. கப்போர்ட் சிவப்பு. வீக் சிவப்பு. கீழே ஒரு வரி, நல்ல முயற்சி, தொடர்ந்து பயிற்சி செய்யுங்கள். வாட்டரில் என்ன தப்பு. கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு கால் சென்டரில் கொஞ்ச நாள் இருந்தேன், அங்கே குரல் பயிற்சி என்று ஒரு அம்மா வருவாள், பேனாவால் மேஜையில் தட்டுவாள், வாட்டர் இல்லை, வாடர், வாடர். அன்றைக்கும் வரவில்லை. பிறகு எத்தனை வருஷம், எத்தனை பிள்ளைகள், எத்தனை வகுப்பு, நான் தண்ணீரைத் தப்பாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறேனா. எவ்வளவு தண்ணீர். ஜப்பான் முழுக்க என் தண்ணீரைக் குடித்த பிள்ளைகள் எங்கெங்கோ உட்கார்ந்து தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்களா. இல்லை, எங்க சிஸ்டர்மார் சொன்னது அப்படித்தான், அயர்லாந்திலிருந்து வந்த சிஸ்டர்மார், அவர்களுக்கும் ஐம்பத்தெட்டுதான் விழுமா. மியோஷி சென்செ இதைப் பார்த்தால். பார்க்கமாட்டார். பார்த்தால். இரண்டு மார்க். இத்தனை வருஷத்து என் ஆங்கிலம் இந்தப் பிள்ளைக்கு இரண்டு மார்க் குறைவாகப் போய் நின்றுவிட்டது. முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம். திரும்பிப் பார்க்கிறேன். கமியா வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறாள், தோள் குலுங்குகிறது, அழுகிறாள் என்று நினைத்தேன், இல்லை, சிரிக்கிறாள். அடக்க முடியாமல் சிரிக்கிறாள். என்னைப் பார்த்து, ஐயோ தப்பு என்று கையை ஆட்டிக்கொண்டு, மறுபடி சிரிக்கிறாள். எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. "பாருங்கள், நானும் தோற்றுவிட்டேன்" என்கிறேன், எனக்கும் வயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கி வருகிறது, ஹெட்செட் நழுவிக் கழுத்தில் விழுகிறது, இந்த அறையில் இந்த வருஷம் யாரும் சிரித்து நான் கேட்டதில்லை.

சிரிப்பு அடங்கினபோது அவள் முகத்தில் மறுபடி அந்தப் பயம் வந்து உட்காருகிறது. கடிகாரத்தைப் பார்க்கிறாள். நானும் பார்க்கிறேன், கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைக்கிறேன். "சேர்ந்து வாசிப்போம்" என்கிறேன். அவளுக்குப் புரியவில்லை. "நானும் நீங்களும். ஒரே நேரத்தில். என் வாயைப் பாருங்கள், ஒன்று, இரண்டு, மூன்று." எதற்கு இதைச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியாது. பாக்கேஜ் இதை ஏற்காது, இரண்டு குரலுக்கு அது மார்க் போடாது, அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் பொத்தானை அழுத்தினேன். காஃபி என்றேன். காஃபி என்றாள். வந்துவிட்டது. கதவு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவள் கண் விரிகிறது, ஆனால் நிற்கவில்லை, நான் நிற்கவிடவில்லை, கீப் வந்தது, கூல் வந்தது, கப்போர்ட் வந்தது, இரண்டு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒரு டப்பா காப்பிக்கொட்டையைத் தூக்கிக்கொண்டு கிச்சன் வழியாக நடக்கிறோம். அவள் குரல் நான் நினைத்ததைவிடக் கனமாக இருக்கிறது, அடிவயிற்றிலிருந்து வருகிறது. நாலு மாசத்தில் இந்தக் குரலைத் தடங்கல் இல்லாமல் நான் கேட்டதே இல்லை. பாதியில் அவளைப் பார்த்துக்கொண்டே ஒரு வார்த்தையை விட்டுவிட்டேன், அவள் விடவில்லை, அந்த ஒரு வார்த்தையைத் தனியாகவே சொல்லிக்கொண்டு போய்விட்டாள், நான் ஓடிப்போய் அடுத்த வார்த்தையில் சேர்ந்துகொண்டேன். கடைசி வரி. முற்றுப்புள்ளி. அவள் இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறாள். சக்கரம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிறகு மார்க்குக்குப் பதிலாக ஒரு சாம்பல் நிறக் கட்டம் வருகிறது. பிழை, ஒன்றுக்கு மேற்பட்ட குரல்கள் கேட்கின்றன, நிர்வாகியைத் தொடர்பு கொள்ளுங்கள்.

"எரர்" என்று யாரோ சொல்கிறார்கள். மியோஷி சென்செ வாசலில் நிற்கிறார். கையில் சாவிக்கொத்து, சாம்பல் நிற ஸ்வெட்டர், வழக்கம் போல, மன்னிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருகிறார். கடைசி நாள் என்பதால் ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டு வருகிறார் போல. எப்போதிலிருந்து நிற்கிறார். எதைக் கேட்டார். நான் எழுந்து நிற்கிறேன். திரையில் மேலே ஐம்பத்தெட்டு இருக்கிறது, சிவப்பு வாட்டர் இருக்கிறது, கீழே சாம்பல் கட்டம் இருக்கிறது, எதையும் மறைக்க நேரமில்லை. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து எல்லாவற்றையும் வாசிக்கிறார். இவ்வளவு நிதானமாக யாரும் ஒரு திரையை வாசித்து நான் பார்த்ததில்லை. சொல்லப்போகிறார். அடுத்த வருஷம் நீங்கள் வேண்டாம் என்று, மன்னிக்க வேண்டும் என்று ஆரம்பித்துச் சொல்லப்போகிறார். சாம்ராஜிடம் என்ன சொல்வது, ஐம்பத்தெட்டு என்றா சொல்வது. முந்திக்கொண்டு நானே ஆரம்பிக்கிறேன், "மியோஷி சென்செ, இது நான்தான், இந்த மாணவி மேல் தப்பில்லை, நான்தான் வாசித்தேன், சேர்ந்து வாசித்ததும் நான் சொல்லித்தான்." அவர் நிமிரவில்லை. "நிர்வாகி என்று போட்டிருக்கிறது," என்கிறார். "இந்தப் பாக்கேஜுக்கு நிர்வாகி நான்தான்." ஆமாம் என்கிறேன். "பிழை என்றும் போட்டிருக்கிறது." ஆமாம். அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, பல் இடுக்கில் காற்றை உறிஞ்சுகிறார், இந்த ஊரில் கஷ்டமான காரியம் என்பதற்கு அதுதான் அடையாளம். "அப்படியானால் இந்தக் கணினி பழுது. வேறென்ன சொல்வது." நான் அவரைப் பார்க்கிறேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார். "கருவி பழுதானால் ஆசிரியர் தன் காதால் கேட்டு மதிப்பெண் போடலாம். விதியில் அந்த வரியை எழுதியது நான். இதுவரைக்கும் யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. ஹெபுஷிபா சென்செ, நீங்கள் கேட்டீர்களா, இவர் வாசித்ததை?"

கேட்டேனா. கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன், நான் விட்ட வார்த்தையை அவள் எடுத்துக்கொண்டு போனதைக் கேட்டேன். "கேட்டேன்" என்கிறேன். "எவ்வளவு?" என்று கேட்கிறார். "எழுபத்தைந்து." தொண்ணூறு என்று சொல்லத்தான் வாய் வந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் தாளை எடுத்து, மேஜை மேல் வைத்து, கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொள்கிறார். "ஆபீஸுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், மார்க் பட்டியலை அவர்கள் மூடுவதற்குள். பெயர் மட்டும் சொல்லுங்கள்." அவர் என்னைக் கேட்கவில்லை. கமியாவைப் பார்த்துத்தான் கேட்கிறார். அந்த நேரத்தில்தான் எனக்கு உறைக்கிறது, மற்ற எந்த வார்த்தைக்கும் ஒரு சுற்று வழி உண்டு, வேறு வார்த்தை போட்டுக்கொள்ளலாம், எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடலாம், சொந்தப் பெயருக்கு மட்டும் மாற்று கிடையாது. நான் சொல்லிவிடலாம். என் நாக்கு நுனிக்கு அது வந்தேவிட்டது. கமியாவின் கை பைக்குள் போகிறது. மாணவர் அட்டையை எடுக்கிறாள், பாதி வெளியே வந்துவிட்டது, படம் போட்ட அட்டை, பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது, நீட்டினால் போதும், அவர் பார்த்து எழுதிக்கொண்டு போய்விடுவார், நாலு வருஷமாக மறைத்தது இன்னும் இரண்டு மாசம் மறைந்தே இருக்கும். நீட்டு மகளே, நீட்டிவிடு, வீட்டுக்குப் போகலாம் என்று நினைக்கிறேன். அவள் அட்டையைப் பார்க்கிறாள். பிறகு அதைத் திரும்பப் பைக்குள் விடுகிறாள். வாயைத் திறக்கிறாள். க. கழுத்து நரம்பு எழும்புகிறது. க. கதவு சாத்திக்கொண்டுவிட்டது, நான் வாயை இறுக்க மூடிக்கொள்கிறேன், மூடிக்கொள்வது இவ்வளவு கஷ்டமா, பல்லைக் கடித்துக்கொள்கிறேன். மியோஷி சென்செயின் பேனா தாளில் முதல் எழுத்துக்குரிய இடத்தில் நிற்கிறது. அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை, தாளைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார், வேறு வேலை ஒன்றும் இல்லாதவர் போல. மணி அடிக்கிறது. அடித்து முடிகிறது. பாக்கேஜ் பூட்டிக்கொண்டிருக்கும், பேனா அப்படியே நிற்கிறது. வராந்தாவில் அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வந்து நிற்கிற சத்தம். "கமியா" என்கிறாள். "கமியா சிஹோ." அவர் எழுதுகிறார். எழுதிவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. ஒரே சத்தத்துக்குப் பல எழுத்து இருக்கிற மொழி, எந்த எழுத்தால் எழுதுகிற பெயர் என்று ஜப்பானில் யாரும் யாரிடமும் கேட்கிற கேள்வியை, யாரிடமும் கேட்கிற மாதிரியே கேட்கிறார், "ஹோ, அது எந்த ஹோ?" அவள் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். மூச்சை இழுத்துக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம், நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன், உட்கார்ந்தது நன்றாக இருந்தது, அவள் வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டாள். "நெ... நெற்கதிர்," என்றாள். "நெற்கதிருக்குப் போடுகிற ஹோ."